நர்ஸம்மா வந்த வழி

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், கல்லூரி நினைவுகள்னு நிறைய கட்டுரை வந்துடுச்சு. கேன்டீன், கட் அடிச்சது, சினிமா எல்லாம் வந்துடுச்சு. நீங்க ஹிஸ்டரி வாத்தியார். ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடுங்க" என்றார். சரித்திரம் என்றால் பல்லவரும் சோழரும்தானா? முப்பது வருஷம் அதைத்தான் பள்ளியில் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகாவது என் ஊரில் நான் பார்த்ததை எழுதலாமே என்று தோன்றியது. வீடு வீடாக வந்து போகும் சுகாதார ஊழியர்களின் சரித்திரம் இது. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அந்த வேலையை யார் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள், கற்றதால் என்ன மாறியது என்பதே என் விஷயம்.

இதற்கு நம் கல்லூரியோடு ஒரு சம்பந்தமும் உண்டு. 1979-ல் பி.ஏ. வரலாறு முதல் வகுப்பு. பேராசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, ஊர் பேர், வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். என் முறை வந்தது. "நூம்பல் சார். அப்பாவுக்கு வேலப்பன்சாவடியில சொந்தக் கடை. அம்மா வீட்லதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடை என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சலூன் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா வீட்டில் இருந்ததும் கிடையாது. நூம்பலிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களுக்கு இது தெரிந்துவிடக் கூடாதே என்று மூன்று வருஷமும் ஜாக்கிரதையாக இருந்தேன். அந்த நண்பர்களில் பலர் இந்த மலரைப் படிப்பார்கள்.

அம்மை குத்துகிறவரும் மருத்துவச்சியும்

ஆஸ்பத்திரி ஊருக்கு வருவதற்கு முன்பே ஊரில் வைத்தியம் இருந்தது. பிரசவத்துக்கு மருத்துவச்சி, எலும்பு முறிவுக்குக் கட்டுக்காரர், விஷக்கடிக்கு மந்திரிப்பவர். தமிழ்நாட்டில் பல ஊர்களில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். 'மருத்துவர்' என்றே அந்தச் சமூகத்துக்கு ஒரு பெயரும் உண்டு. பெயரில் மரியாதை இருந்தது, வாசலில் இருக்கவில்லை. பிரசவ வலி எடுத்தால் நடுராத்திரியில் கை கூப்பி அழைத்துப் போவார்கள். தீட்டுக் கழிந்த பிறகு அதே வீட்டில் திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள். கூலி என்று கணக்கு கிடையாது. கொஞ்சம் நெல், ஒரு பழைய புடவை, வெற்றிலை பாக்கு.

சர்க்கார் தரப்பிலிருந்து கிராமத்துக்குள் முதலில் வந்தவர் 'அம்மை குத்துகிறவர்'. பெரியம்மைத் தடுப்புப் பால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தயாரானது. 1899-ல் தொடங்கிய நிறுவனம் அது. எங்கள் பக்கத்தில் அவருடைய வேலை லேசானதாக இருந்திருக்க முடியாது. பக்கத்திலேயே திருவேற்காடு கருமாரியம்மன் கோயில். அம்மை என்றால் எங்களுக்கு நோய் அல்ல, ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டில் ஊசியோடு நுழைகிற மனிதனை யார் வரவேற்பார்கள்? பிள்ளைகளைக் குதிரில் ஒளித்து வைத்த கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறார். ஆனாலும் விடாமல் வந்தார்கள். என் வயதுக்காரர்களின் கையில் இருக்கும் வட்டத் தழும்பு அவர்கள் போட்ட கையெழுத்து. 1975-க்குப் பிறகு நம் நாட்டில் பெரியம்மை இல்லை.

மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற எண்ணமும் பழையதுதான். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தொடங்கிவிட்டது. வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி 1903-ல் நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க விக்டோரியா பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தினார். ஆனால் அதெல்லாம் நூம்பல் மாதிரி ஊருக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

பூந்தமல்லியில் ஒரு சோதனை

நம் பகுதி மாணவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. இந்தியாவில் கிராம சுகாதாரத்துக்குச் சோதனைக்களமாக இருந்த சில ஊர்களில் பூந்தமல்லியும் ஒன்று. 1930-களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு சில இடங்களில் 'ஹெல்த் யூனிட்' ஆரம்பித்தார்கள். திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை, மைசூரில் ராமநகரம், நம் சென்னை மாகாணத்தில் பூந்தமல்லி, பிறகு வங்காளத்தில் சிங்கூர். ஒரு சிறிய பகுதியை எடுத்துக்கொண்டு பிறப்பு இறப்புப் பதிவு, தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, கிணற்றுக்கு மருந்து போடுவது, கக்கூஸ் கட்டுவது எல்லாவற்றையும் ஒரே குழுவின் பொறுப்பில் விடுவது. கூடவே அதே இடத்தில் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது. இதுதான் திட்டம். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்து மட்டும் சுகாதாரம் படிக்க முடியாது, ஊரைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பூந்தமல்லியில் இன்றுள்ள பொது சுகாதார நிறுவனம் அந்த வழியில் வந்ததுதான். சுகாதாரத் துறையின் களப்பணியாளர்கள் இன்றும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

அதே காலத்தில், 1939-ல், சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டு வந்தது. நாட்டில் அப்படி ஒரு சட்டத்துக்கு அதுதான் முன்னோடி. பிறகு 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. யுத்தத்தைப் பற்றியது அல்ல. தலைவர் பெயர் சர் ஜோசப் போர். எழும்பூரில் மகப்பேறு மருத்துவராகப் பெயர் பெற்ற டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். ஆரம்ப சுகாதார நிலையம் என்று இன்று நாம் சொல்வது அந்த அறிக்கையில் இருந்து பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு துணைச் செவிலியர், அதாவது ஏ.என்.எம். என்ற புதிய ஊழியர் உருவானார். இரண்டு வருஷப் படிப்பு.

அப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக வருவார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. 1973-ல் கர்தார் சிங் கமிட்டி இவர்களை ஒன்றாக்கிப் 'பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்' ஆக்கச் சொன்னது. 1977-ல் ஏ.என்.எம். படிப்பு பதினெட்டு மாதமாகக் குறைந்தது. வேலை கூடியது, படிப்பு குறைந்தது. பிற்காலத்தில்தான் மறுபடி இரண்டு வருஷம் ஆக்கினார்கள்.

முப்பது நாள்

மத்திய அரசின் கிராம சுகாதாரத் திட்டத்தில் மருத்துவச்சிகளுக்கு முப்பது வேலை நாள் பயிற்சி என்று ஏற்பாடு. உதவித்தொகை 300 ரூபாய். முடிவில் ஒரு சான்றிதழும் பிரசவத்துக்கு வேண்டிய சாமான்கள் வைத்த ஒரு பெட்டியும். என் அம்மா 1978-ல் அதற்குப் போனார். அதே 1978 செப்டம்பரில், சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகள் கூடி, எல்லாருக்கும் அடிப்படை மருத்துவம் என்று தீர்மானம் போட்டன. சீனாவின் 'வெறுங்கால் மருத்துவர்கள்' பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. தினம் காலையில் பழைய சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போவார், சாயந்திரம் வருவார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் வந்தவர், யாரோடும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பயிற்சியில் யாரோ திட்டிவிட்டார்கள் என்று அப்பா நினைத்தார். எனக்கும் விஷயம் தெரியாது. பல வருஷம் கழித்து, 2004-ல் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைகள் சில நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். ஏழாம் நாள், எட்டாம் நாள் வாய் இறுகிப் போகும். பால் உறிஞ்சாது. உடம்பு வில்லாக வளையும். ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும். தோஷம் என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அன்றைக்குப் பயிற்சியில் நர்ஸ் ஒருவர் அதை விளக்கியிருக்கிறார். தொப்புள் கொடியை அழுக்குப் பிளேடால் அறுத்தால், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்தால், மண்ணில் இருக்கும் கிருமி உள்ளே போய் தனுர்வாதம் உண்டாகும். பிளேடைக் கொதிக்க வைத்தால் போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தாய்க்கு ஊசி போட்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

"அப்பா கடையில தேஞ்சுபோன பிளேடுதான்டா நான் எடுத்துக்கிட்டுப் போவேன்" என்றார் அம்மா. "வீணாத்தானே போவுதுன்னு எடுத்துக்குவேன். எத்தினி புள்ளைங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா எண்ணிப் பார்த்தேன். ஒருத்தராவது முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. வரலாறு படித்தவன். 1903, 1939, 1946 என்று எல்லா வருஷமும் எனக்குத் தெரியும். தனுர்வாதக் கிருமி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்றும் தெரியும். அந்தச் செய்தி எங்கள் அடுப்படிக்கு வர 1978 ஆனது ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் திறமை இல்லாமல் இல்லை. வயிற்றைத் தொட்டே பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்வார். அவருடைய கை செய்யும் வேலைக்குக் காரணம் என்ன என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா எழுந்து மறுபடி பயிற்சிக்குப் போனார். நின்றுவிடவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நர்ஸம்மா

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு கிராம சுகாதார செவிலியர் வந்தார். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தென் மாவட்டத்துப் பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். ஊரே 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டது. வந்த முதல் வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, இந்த ஊர்ல யார் யார் முழுகாம இருக்காங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம். எனக்கும் சொல்லுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தார். என் நினைவில், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் சர்க்கார் உத்தியோகஸ்தர் அவர்தான்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஊர் தெரியும். நர்ஸம்மாவுக்கு ஊர் தெரியாது, பதிவேடு தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து தெருத் தெருவாகப் போவார்கள். கர்ப்பிணிகளுக்குத் தனுர்வாத ஊசி, இரும்புச்சத்து மாத்திரை. கால் வீங்கி, தலை கிறுகிறு என்று சொன்னால் அம்மா வீட்டில் பிரசவம் பார்க்க மறுத்துவிடுவார். "எழும்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, நானும் வரேன்" என்று பஸ் ஏறிவிடுவார். அதன் பிறகு ஏழாம் நாள் சாவு எங்கள் தெருக்களில் நான் கேள்விப்பட்டதில்லை. இந்தியா முழுவதும் தாய் சேய் தனுர்வாதம் ஒழிந்தது என்று 2015-ல் அறிவித்தார்கள். செய்தித்தாளை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

நர்ஸம்மாவின் பாடும் லேசில்லை. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். மாதக் கூட்டத்தில் எத்தனை பிள்ளை பிழைத்தது என்று கேட்பதை விட, "எத்தனை கேஸ் கொண்டு வந்தே?" என்றுதான் கேட்பார்கள். அந்த இலக்கு முறை 1996-ல்தான் நீங்கியது. பதிவேடுகளோ வருஷத்துக்கு வருஷம் கூடின. பதவி உயர்வு என்று பார்த்தால், பகுதி சுகாதார செவிலியர், பிறகு சமுதாய சுகாதார செவிலியர் என்று ஏணி இருந்தது. ஏணியில் படிகள்தான் குறைவு. எங்கள் நர்ஸம்மா முதல் படி ஏறும்போது தலை நரைத்துவிட்டது.

ஊழியரா, தொண்டரா?

1977 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஆயிரம் பேருக்கு ஒரு சமூக சுகாதாரப் பணியாளர் என்று ஒரு திட்டம் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய். முதலில் 'பணியாளர்' என்றார்கள், பிறகு 'தொண்டர்' என்றார்கள், 1981-ல் 'வழிகாட்டி' என்றார்கள். ஐம்பது ரூபாய் மட்டும் அப்படியே இருந்தது. பணியாளர் என்றால் சம்பளம் கேட்பார்கள், தொண்டர் என்றால் கேட்க முடியாது. பெயர் மாற்றத்தின் சூட்சுமம் அதுதான் என்பது என் கருத்து.

தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் முதலில் அத்திட்டத்தில் சேரவில்லை. இங்கே வேறு முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. சென்னை அடையாறில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற அமைப்பை 1958-ல் நிறுவிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, ஐயாயிரம் பேருக்கு ஒரு சிறு சுகாதார மையம் என்று நடத்திக் காட்டினார். உள்ளூரிலேயே ஆள் எடுத்து முதலுதவி கற்றுக் கொடுத்தார். காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் கிராமப் பெண்களைக் கொண்டே சுகாதாரப் பணி செய்ய முடியும் என்று காட்டினார். பிறகு 1980-ல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. கிராமத்துப் பெண்கள் மாதா மாதம் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் கோடு இழுத்தார்கள். 1995 முதல் போலியோ சொட்டு மருந்து. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் யாருக்கும் நோய் வந்ததில்லை.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு மட்டும் சொல்கிறேன். 1990-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 59 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. 1992-93-ல் மூன்று பிரசவத்தில் ஒன்றுக்கு மேல் வீட்டில்தான் நடந்தது. 2019-21-ல் நூற்றுக்கு 99-க்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. இதில் டாக்டர்களுக்கும் இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனது யார்?

மருத்துவச்சிக்கு இப்போது வேலை இல்லை. அது நல்லதற்குத்தான். அம்மாவே அதைச் சொல்வார். ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருந்ததில்லை, அதனால் எந்த ஓய்வூதியப் பட்டியலிலும் இல்லை.

இன்றைய வாசல்

வேலப்பன்சாவடியில் இறங்கி வயல் வரப்பில் நடந்த நூம்பல் இப்போது இல்லை. அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நோயும் மாறிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எனக்கும் பிரஷர் உண்டு. அப்படி வந்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, உப்பைக் குறைங்கன்னு சொல்றியே, உப்புக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டேன். பழைய வாத்தியார் புத்தி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சொன்னாங்க சார். அவசரத்துல சொன்னாங்க. நான்தான் நோட்ல எழுதி வெச்சுக்கிட்டு அப்புறமா நர்ஸக்காகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். 'ஏன்' என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தார். அவரும் அரசுப் பட்டியலில் தன்னார்வலர்தான். கையில் வருவது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளை அதிகாரிகளாக வருவீர்கள், திட்டம் போடுவீர்கள். வீடு வீடாகப் போகிற ஊழியருக்குப் பயிற்சி என்று ஒரு வரி எழுதும்போது, நாளைக் குறைக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். தெரியாமல் செய்த பாவத்தை ஒருத்தி ராத்திரி முழுக்க எண்ணும்படி விட்டுவிடாதீர்கள். சம்பளத்தையும் பதவி உயர்வையும் அதே கோப்பில் எழுதுங்கள். இன்னொன்று. உங்கள் வகுப்பில் யாருடைய அம்மாவாவது அங்கன்வாடியிலோ, சுகாதார நிலையத்திலோ, தன்னார்வலராகவோ வேலை பார்க்கலாம். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை.

அம்மாவின் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே கத்தரிக்கோலும், நூல் சுற்றிய ஒரு கட்டையும், சோப்பு டப்பாவும் இருக்கின்றன. ஒன்றுகூடும் நாளில் கொண்டு வருகிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

1979-ல் வகுப்பில் நான் சொன்ன பதிலையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். நூம்பல். அப்பா வேலப்பன்சாவடியில் சலூன் வைத்திருந்தார். அம்மா மருத்துவச்சி. முப்பது நாள் பயிற்சி பெற்றவர்.

(கட்டுரையாளர் 1979-82 பி.ஏ. வரலாறு மாணவர். ஓய்வு பெற்ற ஆசிரியர்.)